வழி நிறைஞ்சிருக்கு

சங்கரன்கோவிலுக்கு வந்த கம்ப்யூட்டருக்கு மாலை போட்டார்கள். நான்தான் மாலையை எடுத்துக் கொடுத்தேன். ரதவீதியை அடுத்த தெருவில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவர் மானிட்டரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு, கையில் எலுமிச்சம்பழத்தோடு திகைத்து நின்றார். வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் வைக்கலாம். இதற்கு எங்கே வைப்பது? கடைசியில் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அது உருண்டு விழுந்து எங்கோ போய்விட்டது. பிறகு ஒருநாள் பெருக்கும்போது டைப்ரைட்டர் மேஜைக்கு அடியில் வற்றிப்போய்க் கிடந்தது.

எண்பதுகளின் பிற்பாதி. நான் கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, மதுரையில் சில மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போய்விட்டு ஊர் திரும்பியிருந்தேன். சி மொழியில் புரோகிராம் எழுதத் தெரிந்தவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்திதான் என்று நினைப்பு. அந்த நினைப்பு தப்பாக இருந்திருக்கவும் வாய்ப்பில்லை. எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி என்று அம்மா சொல்வாள். பொறுமை கம்மி என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

என்னோடு அங்கே வேலை பார்த்தவள் என் தோழி. திருவேங்கடத்துக்கு அந்தப் பக்கம், கரிசல் காட்டுக்குள் இருந்தது அவள் ஊர். அவள் பெயரையும் அந்த ஊரின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. தினமும் டவுன் பஸ்ஸில் வருவாள். டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவள். கீபோர்டைப் பார்க்காமலே அடிப்பாள். அடித்துக்கொண்டே வீட்டுக் கதையும் சொல்வாள், கதையும் பிசகாது, எழுத்தும் பிசகாது. அதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கும்.

ஒரு ஆடி மாதத்தில், நர்சிங் ஹோம் வைத்திருந்த டாக்டரம்மா மாடியேறி வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கம்ப்யூட்டருக்கு முன்னால் நோயாளியைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்தார். அவரிடம் ஒரு வேன் இருந்தது. பிரசவ வலி கண்டவர்களைக் கிராமங்களிலிருந்து கூட்டி வருவதற்கென்றே வைத்திருந்தார்.

“மழை பெய்ஞ்சா எந்த ரோடு இருக்கும், எந்த ரோடு போகும்னு டிரைவருக்குத் தெரியும்மா. ஆனா நாலஞ்சு ரோடு சேர்ந்து போயிட்டா சுத்தி எப்படிப் போகணும்னு அந்த நேரத்துல யோசிக்க முடியல. போன ஐப்பசியில ஒரு ஓடைக்கரைக்குப் போய்த் திரும்பி, இன்னொரு ஓடைக்கரைக்குப் போய்த் திரும்பி, மூணாவது வழியா வந்து சேர்ந்தாங்க. தாய் பிழைச்சுட்டா” என்றார். குழந்தையைப் பற்றி அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

“உங்க மெஷின் இதைச் சொல்லுமா?”

“சொல்லும் டாக்டர்” என்று நான் உடனே சொல்லிவிட்டேன். வெறுங்கையால் முழம் போடுவது எனக்குக் கைவந்த கலை.

ஆனால் வழி எனக்குத் தெரியும். மதுரையில் ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். ஒவ்வொரு ஊரும் ஒரு புள்ளி. ஊருக்கும் ஊருக்கும் நடுவே சாலை இருந்தால் ஒரு கோடு, கோட்டுக்கு ஒரு நீளம். சங்கரன்கோவிலில் தொடங்கி ஒவ்வொரு புள்ளிக்கும் மிகக் குறைந்த தூரத்தில் போகும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு நான் எடுத்துக்கொண்ட முறை இது: மெஷினின் மெமரிக்குள் வரிசையாகப் பெட்டிகள். பூஜ்ஜியம் எண் பெட்டி, ஒன்றாம் எண் பெட்டி, இரண்டாம் எண் பெட்டி என்று போகும். பதினான்கு கிலோமீட்டரில் ஓர் ஊரை எட்ட முடியும் என்று தெரிந்தால், அந்த ஊரைப் பதினான்காம் பெட்டியில் போடுவது. பிறகு பெட்டிகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் திறப்பது. திறந்த பெட்டியில் இருக்கும் ஊரிலிருந்து அடுத்த ஊர்களுக்குப் போகும் தூரத்தைக் கூட்டி, அவற்றை அந்தந்தப் பெட்டியில் போடுவது. எந்த ஊர் எந்தப் பெட்டியிலிருந்து முதலில் வெளியே வருகிறதோ, அதுதான் அதன் குறைந்த தூரம்.

இன்னும் எட்டப்படாத ஊருக்கு ஆரம்பத்தில் என்ன தூரம் வைப்பது? மெஷினில் ஓர் எண்ணுக்கு ஒதுக்கிய இடத்தில் எவ்வளவு பெரிய எண் கொள்ளுமோ அதை வைத்தேன். முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு. அதைத் தோழிக்கு விளக்கியபோது, “அதுக்கு மேல நம்பரே கெடையாதா?” என்று கேட்டாள். “இந்த மெஷினுக்குக் கெடையாது” என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

வெயில் காலத்துச் சாலைகளை வைத்து முதலில் ஓட்டினோம். பச்சை எழுத்துகள் சரசரவென்று மேலே ஏறின. பனவடலிசத்திரத்துக்கு வழி, ராயகிரிக்கு வழி, திருவேங்கடத்துக்கு வழி என்று எல்லா ஊருக்கும் வந்துவிட்டது. நான் எழுதிய புரோகிராம்தான். இருந்தாலும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தேன். தோழி ஒரு வரியில் விரலை வைத்தாள்.

“ஏட்டி, இது வண்டித்தடம்லா? எங்க சித்தப்பா பருத்தி ஏத்திட்டு இந்த வழியாத்தான் வருவாரு. பஸ்காரனுக்குக்கூடத் தெரியாது. இதுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?”

“நீதான நீளத்த அடிச்சே?”

“நீளத்தத்தான் அடிச்சேன். வழிய நான் சொல்லலியே.”

இந்த அறையை விட்டு வெளியே போகாத ஒரு பெட்டி, கரிசல் காட்டு வண்டித்தடத்தைக் கண்டுபிடித்துவிட்டது. நாங்கள் இருவரும் கீழே போய்க் கலர் சோடா குடித்தோம். அவள் அன்றைக்கு இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டுத் தாமதமாக வீட்டுக்குப் போனாள்.

அவளுடைய அக்கா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். ஐப்பசியில் நாள். அந்த ஊருக்கு மெயின் ரோட்டிலிருந்து இரண்டு வழி. இரண்டையும் ஓடை குறுக்கே அறுத்துக்கொண்டு போகும். மழை ஓங்கிப் பெய்தால் இரண்டு ஓடையும் ஒன்றாகத்தான் பெருகும். கரிசல் மண்ணில் மழைக்குப் பிறகு கால் வைத்தவர்களுக்குத் தெரியும்: செருப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அவள் அம்மாவோ, “டாக்டரம்மாகிட்ட வேன் இருக்குல்லா, வலி கண்டதும் சொல்லிவிட்டா வந்துரும்” என்று நிம்மதியாக இருந்தாள். தோழியும் அப்படித்தான் இருந்தாள். எங்கள் புரோகிராம் ஏதாவது ஒரு வழியைக் கண்டுபிடித்துவிடும் என்று அவள் நம்பினாள். நானும் அவளை நம்பவிட்டேன்.

ஆவணியில் டாக்டரம்மா மழைக்காலச் சாலைகளைக் கொடுத்தனுப்பினார். கனமழை பெய்தால் எந்தெந்தச் சாலை அறுந்துபோகும் என்று டிரைவர் சொல்ல, அவர் குறித்திருந்தார். “அறுந்த ரோட்டுக்கு நீளத்துக்குப் பதிலா மைனஸ் ஒண்ணு போடு. மைனஸ்னா வழி இல்லன்னு அர்த்தம், புரோகிராம் அதத் தாண்டிப் போயிரும்” என்று தோழியிடம் சொன்னேன். அவள் உட்கார்ந்து எல்லாவற்றையும் அடித்து முடித்தாள். நான் புரோகிராமை ஓட்டினேன்.

மெஷின் செத்துப்போனது.

அப்படித்தான் நாங்கள் அப்போது சொல்வோம். கீபோர்டில் எதைத் தட்டினாலும் அசையாது. அணைத்துவிட்டு மறுபடி போட வேண்டும். ஃபிளாப்பியைச் செருகி, அது கரகரவென்று இரைந்து எழுந்திருக்கும்வரை காத்திருக்க வேண்டும். மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை திரை முழுவதும் சின்னச் சின்னச் சிரித்த முகங்களும் ஆடுதன், கிளாவர் சின்னங்களும் வந்து நிரம்பின. யாரோ உள்ளே சீட்டுக்கட்டைக் கொட்டிவிட்டதுபோல் இருந்தது. இன்னொரு தடவை ஓடி முடிக்கும்போல் போக்குக் காட்டிவிட்டு, ராயகிரி என்ற பெயரில் பாதி எழுத்தைத் தின்றுவிட்டு நின்றது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, முதலில் மெஷினைத் திட்டினேன். பிறகு கரண்ட்டைத் திட்டினேன். பக்கத்துத் தெருக்களில் விசைத்தறி ஓடுவதால் வோல்டேஜ் ஏறி இறங்குகிறது என்று அண்ணாச்சியிடம் ஒரு பாட்டம் வாசித்தேன். அவர் பாவம், மானிட்டருக்குப் புதிதாக ஒரு பொட்டு வைத்தார்.

அதன் பிறகுதான் ஒழுங்காகத் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட எனக்குள் கோபம் போய் வேறொன்று வந்தது. பயம் என்று சொல்லலாம். மெமரி என்பது ஒரே நீளத் தெரு என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேனே தவிர, அப்போதுதான் உணர்ந்தேன். ஊர்ப் பெயர்கள், தூரங்கள், என் பெட்டிகள், மெஷின் தன் வேலைக்காகத் தானே குறித்து வைத்துக்கொள்ளும் விஷயங்கள், எல்லாம் அந்தத் தெருவில் அடுத்தடுத்த வீடுகள். நடுவில் சுவர் கிடையாது, கதவு கிடையாது. நான் ஐந்தாம் பெட்டியில் போடு என்றால் போடும். இல்லாத பெட்டியில் போடு என்றாலும், அந்தப் பெட்டி இருந்தால் எங்கே இருந்திருக்குமோ, அந்த இடத்துக்கு நடந்துபோய்ப் போட்டுவிடும். அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்காது. என்னைச் சந்தேகப்படவே படாது. யாரும் என்னை அந்த அளவுக்கு நம்பியது கிடையாது.

ஆக, எங்கோ ஓரிடத்தில் நான் இல்லாத பெட்டியைக் கேட்கிறேன். எங்கே என்பதுதான் தெரியவில்லை. ஊர்களைக் குறைத்துப் பார்த்தேன். ராயகிரிப் பக்கத்து ஊர்களை மட்டும் வைத்தால் நன்றாக ஓடியது. பனவடலிசத்திரத்துப் பக்கம் சேர்த்தேன், ஓடியது. திருவேங்கடத்துப் பக்கம் சேர்த்தால் செத்தது. அந்தப் பக்கத்து ஊர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். கடைசியில் ஒரே ஓர் ஊர் மிஞ்சியது. அதை எடுத்துவிட்டால் எல்லாம் சரி. அதைச் சேர்த்தால் எல்லாம் போச்சு.

தோழியின் ஊர்.

அவள் பக்கத்தில்தான் இருந்தாள். “எங்க ஊரச் சேத்தாத்தான் சாகுதா?” என்று கேட்டாள்.

“சும்மா வாயில வந்தத சொல்லாத. மெஷினுக்கு ஊரும் தெரியாது, ஒங்க அக்காவையும் தெரியாது.”

“நான் அக்காவப் பத்தி ஒண்ணும் சொல்லலியே.”

சொல்லவில்லைதான். ஆனால் அன்றைக்கு அவள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டாள். மறுநாள் வரும்போது நெற்றியில் திருநீறு. கோமதி அம்மன் சந்நிதிக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி அக்காவுக்கு முடிந்து வைத்திருந்தாள். இந்தப் புரோகிராமை ஓட்ட வேண்டும் என்பது அதுவரை என் ரோஷத்துக்காக. அன்றையிலிருந்து அவளுக்காக. மெஷின் ஏன் அந்த ஊரில் போய் விழுகிறது என்று சொல்லாவிட்டால், இவள் இதை மனதில் வைத்துக்கொண்டே அந்தப் பிரசவம் முடியும்வரை செத்துச் செத்துப் பிழைப்பாள். அதோடு மழையும் நெருங்கிக்கொண்டிருந்தது.

அவள் அடித்த எண்களை அவளையே வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்தேன். இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு இவ்வளவு, அங்கிருந்து இவ்வளவு என்று வாசித்தாள். எல்லாம் சரி. அவள் ஊர் வந்ததும், “இது ரெண்டும் அறுந்த ரோடு” என்றாள். நான் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததுக்குப் போனேன். அறுந்த ரோட்டில் சரிபார்க்க என்ன இருக்கிறது?

புரட்டாசி பாதி கடந்துவிட்டது. ஒரு மத்தியானம் கரண்ட் போய், தெருவில் தறிச்சத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றது. அந்த நிசப்தத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். என் மோர்ச்சோற்றில் அம்மா உப்புப் போட மறந்திருந்தாள். தோழி ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் எப்போதும் உப்பு கொண்டுவருவாள்.

“உப்பு இருக்கா ஏட்டி?”

“நெறஞ்சிருக்கு” என்றாள், டப்பாவைத் திறக்காமலே.

நான் சரி என்று வெறும் சோற்றைப் பிசைய ஆரம்பித்தேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். உப்பு தீர்ந்துவிட்டது என்றோ, அரிசி இல்லை என்றோ யாரும் சொல்ல மாட்டார்கள். இல்லை என்றால் இல்லாமலே போய்விடும். ‘அரிசி நெறஞ்சிருக்கு’ என்று அம்மா சொன்னால் அப்பா பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புவார். மஞ்சளுக்கும் அதே பேச்சு. விளக்கைக்கூட அணை என்று சொல்லக் கூடாது, குளிரவை என்றுதான் சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த பேச்சு என்பதால் காதில் விழுந்த வேகத்தில் அர்த்தம் தானாகவே திரும்பிக்கொள்ளும்.

இரண்டாவது கவளத்தில் என் கை நின்றது.

“ஏட்டி, ஒங்க ஊருக்கு அறுந்த ரோட்டுல நீ என்ன போட்டே?”

அவள் உப்பு டப்பாவைத் தள்ளி வைத்தாள்.

“மைனஸ் ஒண்ணு போட்டியா?”

“மத்த ஊருக்கெல்லாம் போட்டேன்.”

“ஒங்க ஊருக்கு?”

“அக்கா அங்கன இருக்கா. வயித்துப்பிள்ளக்காரி இருக்க வீட்டுக்கு வழி இல்லன்னு என் கையால எப்பிடி அடிக்க? மனசு கேக்கல. நெறைய போட்டுட்டேன்.”

“எவ்வளவு?”

“நீதான சொன்னே, அதுக்கு மேல நம்பரே கெடையாதுன்னு. அதத்தான் போட்டேன். போய்ச் சேராத ஊருக்கு நீயே மொதல்ல அதத்தான வைக்க?”

கை கழுவாமலே எழுந்து மெஷினுக்கு முன்னால் போய் நின்றேன். கரண்ட் இல்லை. அது வரும்வரை எச்சில் கையோடு அப்படியே நின்றேன். கை காய்ந்துபோனது.

முதலில் என்னைத் தாக்கியது, அவள் செய்தது தப்பே இல்லை என்பதுதான். என் கணக்குப் புத்தகமும் அதைத்தான் செய்யச் சொல்கிறது. சாலை இல்லாத இடத்தில் முடிவிலியை வை என்கிறது. எங்கோ ஒரு தேசத்தில் கணக்குப் போட்டவர்களும், ‘இல்லை’ என்பதை ‘நிறைய’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நான் அதைப் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அது எங்கள் அடுப்படிப் பேச்சு என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

தப்பு வேறு இடத்தில் இருந்தது. கரண்ட் வந்ததும் கையைக் கழுவிவிட்டு, இரண்டே வரியில் ஒரு புரோகிராம் எழுதினேன். முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழோடு ஒன்றைக் கூட்டிச் சொல் என்றேன். அது சொன்னது: மைனஸ் முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டு.

தோழி திரையைத் தொட்டுப் பார்த்தாள். “கூட்டத்தான சொன்னே? எதுக்குக் கொறச்சுது?”

“கொறைக்கல. அந்த எடத்துல அவ்வளவுதான் கொள்ளும். நெறஞ்ச படியில இன்னும் ஒரு மணி போட்டா, படியே கவுந்து மறுபக்கம் போயிருது.”

“திரும்பப் போடு.”

போட்டேன். அதையே சொன்னது. நாங்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம், தெரிந்த பதிலையே மறுபடி மறுபடி கேட்கும் குழந்தைகள்போல. இருப்பதிலேயே பெரிய எண்ணுக்கு அடுத்த வீட்டில், இருப்பதிலேயே சின்ன எண் குடியிருந்தது. எனக்கு அது இன்றைக்கும் பழகவில்லை.

பிறகு மெஷின் செத்த கதை தானாக அவிழ்ந்தது. சங்கரன்கோவிலிலிருந்து, அவள் ஊருக்கு ரோடு பிரியும் விலக்கு வரைக்கும் இருபத்துமூன்று கிலோமீட்டர். அதோடு அவள் நிறைத்து வைத்த எண்ணை மெஷின் கூட்டியிருக்கிறது. கூட்டியதும் எண் கவிழ்ந்து மைனஸில் எங்கோ பாதாளத்துக்குப் போயிருக்கிறது. மைனஸ் என்பது பூஜ்ஜியத்தைவிடக் குறைவு. ஆக, வழியே இல்லாத அந்த ஊர், எல்லா ஊர்களையும்விட அருகில் வந்துவிட்டது. வாசல்படியைவிட அருகில். அதை நம்பிய மெஷின், அந்த ஊரைப் போடுவதற்கு மைனஸ் எண் பெட்டியைத் தேடித் தெருவில் பின்னால் நடந்திருக்கிறது. அப்படி ஒரு பெட்டி கிடையாது. அங்கே இருந்தது, ஒவ்வொரு வேலையும் முடிந்த பிறகு எங்கே திரும்பி வர வேண்டும் என்று மெஷின் தனக்காகக் குறித்து வைத்திருந்த இடம். அதன் மேல் அவள் ஊரை எழுதிவிட்டது. வேலை முடிந்து திரும்பப் பார்த்தால் திரும்பும் வழி இல்லை. நாங்கள் ஊர்களுக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தோம். அது தன் வழியைத் தொலைத்துவிட்டு நின்றிருக்கிறது. அந்த மெஷின் மேல் எனக்கு முதல் தடவையாக இரக்கம் வந்தது.

“அப்ப எங்க ஊருக்குக் கெட்டது ஒண்ணும் இல்லயே?” என்றாள் தோழி.

“ஒண்ணும் இல்ல. ஒங்க ஊருக்கு நீ வச்ச நம்பர் ரொம்ப நெறஞ்சு போச்சு, அவ்வளவுதான்.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பல நாள் கழித்து அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது, அவளைத் திட்டி மறைத்துக்கொண்டேன்.

அவள் போட்ட எண்ணை நான் மாற்றவில்லை. புரோகிராமைத்தான் மாற்றினேன். நிறைந்த எண்ணைக் கண்டால் அதோடு எதையும் கூட்டாதே, தொடாமல் அப்படியே விட்டுவிடு என்று ஒரு வரி சேர்த்தேன். ஓட்டினேன். ஓடியது. எல்லா ஊருக்கும் மழைக்கால வழி வரிசையாக வந்தது. அவள் ஊர் எந்தப் பெட்டியிலும் விழவில்லை. கடைசிவரை எட்டப்படாமல், நிறைந்த எண்ணோடு தனியாக நின்றது.

அதுவரை சந்தோஷத்தில் யோசிக்காத ஒன்று அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. பிழை போய்விட்டது. ஆனால் வழி வரவில்லை. இரண்டு ஓடையும் பெருகினால் அந்த ஊருக்கு வேன் போகாது. எப்படிச் சுற்றினாலும் போகாது. நாங்கள் எதிர்பார்த்த வண்டித்தடம் ஏதும் அங்கே இல்லை.

அப்படி எட்டப்படாத ஊருக்கு நேரே ஏதாவது அச்சாக வேண்டும். என்ன அடிப்பது என்று நான் கேட்டேன். அவள் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். அந்த மெஷினில் தமிழ் எழுத்து கிடையாது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிப்போம். அவள் ‘வழி’ என்று அடித்துவிட்டு நிறுத்தினாள். அடிக்கும்போது நின்று பழக்கமில்லாத கைகள்.

“நெறஞ்சிருக்குன்னு போட்டா டிரைவர் அண்ணனுக்குப் புரியும்லா?”

“புரியும். ஆனா அவசரத்துல ஓடும்போது, புரியாம போயிட்டா?”

அவள் கீபோர்டைப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக, ஒற்றை விரலால் ‘இல்லை’ என்று அடித்தாள். அச்சு எடுத்த தாளைப் பார்த்த டாக்டரம்மா அந்த வார்த்தைக்கு நேரே இருந்த ஊரைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டார். “இதுதாம்மா எனக்கு வேணும். வழி இருக்கிற ஊருக்கு வேன் போகும். இந்த ஊர்க்காரங்களை மழைக்கு முன்னாலயே வரச் சொல்லணும்” என்றார். புரோகிராம் எழுதிய எனக்கு அது தோன்றவே இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததைத் தோழி மறுநாள் சொன்னாள். அம்மாவிடம், அக்காவைச் சங்கரன்கோவிலுக்குக் கூட்டிப்போய் எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அம்மா ஒரே பிடி. வேன் வரும் என்றிருக்கிறாள்.

“வராதும்மா. வழி இல்ல.”

“விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு பேசுத?”

“வழி இல்லம்மா. இல்ல. இல்ல.”

பிறந்ததிலிருந்து உப்புக்குக்கூட அந்த வார்த்தையைச் சொல்லாத மகள் மூன்று தடவை சொன்னதும் அம்மா விளக்கை ஏற்றிவிட்டு உள்ளே போய்விட்டாளாம். காலையில் அவளே மூட்டை கட்டியிருக்கிறாள். “நான் இருக்க எடந்தான் தாய்வீடு” என்று சொல்லிவிட்டு, மூத்த மகளைக் கைத்தாங்கலாக டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். மூவரும் எங்கள் வீட்டுப் பின்கட்டில் வந்து இறங்கினார்கள். என் அம்மாவுக்குச் சமையலுக்கு ஆள் கிடைத்த சந்தோஷம்.

ஐப்பசியில் மழை அடித்து ஊற்றியது. அக்காவுக்கு வலி வந்தது ஒரு விடிகாலையில். எங்கள் வீட்டிலிருந்து நர்சிங் ஹோமுக்குக் குடை பிடித்து நடந்தே போனோம். குழந்தை கொடி சுற்றிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா ஆபரேஷன் செய்துதான் எடுத்தார். பெண் குழந்தை. வீல் என்று அது அழுதபோது வெளியே மழைச்சத்தத்தையும் மீறிக் கேட்டது. தோழி என் கையைப் பிடித்த பிடியில் அவள் நகம் என் மணிக்கட்டில் பதிந்திருந்தது, நான் அப்புறம்தான் பார்த்தேன்.

மத்தியானம், அதே மழையில் வேறோர் ஊருக்குப் போய் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வேன் திரும்பியது. டிரைவர் தலையைத் துவட்டிக்கொண்டே எங்கள் தாளைச் சுவரில் ஒட்டினார். பாலித்தீன் உறைக்குள் இருந்தும் ஓரம் நனைந்திருந்தது. திருவேங்கடத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு ஓடையும் கரை புரண்டு போவதாக அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

தோழியின் அம்மா எழுந்துபோய் அந்தத் தாளுக்கு முன்னால் நின்றாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், இங்கிலீஷ் எழுத்து தெரியாது.

“நம்ம ஊருக்கு என்ன போட்டிருக்கு?” என்று மகளைக் கேட்டாள்.

தோழியின் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

“வழி நெறஞ்சிருக்குன்னு போட்டிருக்கும்மா.”

அம்மா திரும்பி, தெருவில் ஓடும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “நெறஞ்சே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, குழந்தையை வாங்கிக்கொண்டாள்.